மோஷன் பிளர் தவறும்போது: பிளெண்டரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

பிளெண்டர் என்னும் முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் மோஷன் பிளரை, அதாவது வேகமாக அசையும் பொருள் படத்தில் மங்கித் தெரியும் அசைவு மங்கலை, இயக்குவதற்கு ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஒரு பெட்டியில் குறியிட்டால் போதும். அது எதிர்பார்த்தபடி வராத நாளில்தான் அலைச்சல் தொடங்குகிறது: ஷட்டர் எண்ணை ஏற்றிப் பார்ப்பது, சாம்பிள்களை (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற எண்ணை) கூட்டிப் பார்ப்பது, மறுபடி ரெண்டருக்கு, அதாவது காட்சியைப் படமாக்கும் கணக்கீட்டுக்கு, போட்டுக் காத்திருப்பது என்று பொழுது போய்விடும். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எண்களை மாற்றுவதைவிட, ஷட்டர் எந்தக் கணத்தில் திறந்து எந்தக் கணத்தில் மூடுகிறது, அந்த இடைவெளியில் மென்பொருள் எதைக் காண்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஷட்டர் மதிப்பு 0.5 என்றால், ஒரு ஃபிரேமுக்குரிய காலத்தில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்கிறது என்று பொருள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 1/48 நொடி ஆகும். ஒளிப்பதிவாளர்கள் 180 பாகை ஷட்டர் என்று சொல்வதும் இதைத்தான். பொசிஷன் என்னும் அமைப்பு சென்டர் ஆன் ஃபிரேம் என்று இருந்தால் (மென்பொருளின் இயல்பிருப்பு அதுவே), 100ஆம் ஃபிரேமை ரெண்டர் செய்யும்போது பிளெண்டர் 99.75 முதல் 100.25 வரையுள்ள நேரத்தைப் பார்க்கிறது. ஸ்டார்ட் ஆன் ஃபிரேம் என்று மாற்றினால் 100 முதல் 100.5 வரையிலும், எண்ட் ஆன் ஃபிரேம் என்று மாற்றினால் 99.5 முதல் 100 வரையிலும் பார்க்கும்.

இந்தப் பின்ன ஃபிரேம்களை நாமும் கண்ணால் பார்க்கலாம். டைம்லைனில் உள்ள ப்ளேபேக் பட்டியலைத் திறந்து சப்ஃபிரேம்ஸ் என்பதை இயக்கிவிட்டால், ஃபிரேம் எண் பெட்டியில் 99.75 என்றும் 100.25 என்றும் தட்டச்சு செய்து, அந்தந்தக் கணத்தில் காட்சி எப்படி இருக்கிறது என்று வியூபோர்ட்டிலேயே, அதாவது நாம் வேலை செய்யும் காட்சிச் சாளரத்திலேயே, காணலாம். இவ்வளவு பயனுள்ள வசதியைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மங்கல் எங்குமே தெரியவில்லை

வியூபோர்ட்டில் பார்த்துவிட்டு மங்கல் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். பிளெண்டரில் படத்தைக் கணக்கிடும் ரெண்டர் எஞ்சின்களில் ஒன்றான சைக்கிள்ஸ் வியூபோர்ட்டில் மோஷன் பிளரைக் கணக்கிடுவதில்லை. இறுதி ரெண்டரில் மட்டுமே கணக்கிடும். இன்னொரு எஞ்சினான ஈவியும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 4.2 பதிப்பில் ஈவி புதிதாக எழுதப்பட்ட பிறகு, கேமரா பார்வையில் மட்டும் ஓரளவு காட்டுகிறது. ஆகவே எஃப்12 விசையை அழுத்தி, அசைவு வேகமாக இருக்கும் ஒரு நடு ஃபிரேமை ரெண்டர் செய்து பார்த்த பிறகே மேற்கொண்டு தேட வேண்டும்.

ரெண்டரிலும் மங்கல் இல்லையென்றால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் மோஷன் பிளர் குறி விழுந்திருக்க வேண்டும்; இதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். சைக்கிள்ஸில் வியூ லேயர் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள ஃபில்டர் பகுதியிலும் மோஷன் பிளருக்கெனத் தனிக் குறி ஒன்று உண்டு; வேறொருவர் அமைத்துத் தந்த கோப்பில் பிழை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்றாவது, ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள மோஷன் பிளர் பகுதி. ஒரே ஒரு பொருள் மட்டும் கூர்மையாக நின்று, சுற்றியுள்ளவை அனைத்தும் மங்கினால், அந்தப் பொருளின் குறி எடுக்கப்பட்டிருக்கிறது. கேமராவுக்கும் இந்தக் குறி தனியாக உண்டு என்பதை மறக்க வேண்டாம். கேமரா வேகமாகத் திரும்பும்போது பின்னணி மங்காமல் கல்லைப் போல நின்றால் கேமராவைத் தேர்ந்து அங்கே பாருங்கள்.

ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் காட்சி இழுபட்டுக் கிடக்கிறது

அடிக்கடி வருவதும், ரெண்டர் முழுவதும் முடிந்த பிறகே கண்ணில் படுவதுமான பிழை இது. ஒரு பொருள் 101ஆம் ஃபிரேமில் வேறோர் இடத்துக்குச் சட்டென்று தாவ வேண்டும். அதற்காகக் கீஃபிரேமுக்கு (பொருளின் நிலையைப் பதிந்து வைத்த ஃபிரேமுக்கு) கான்ஸ்டன்ட் இன்டர்பொலேஷன், அதாவது அடுத்த கீ வரை நிலை மாறாதிருக்கும் வகை, கொடுத்திருக்கிறோம். அப்படியிருந்தும் 101ஆம் ஃபிரேமில் பழைய இடத்திலிருந்து புதிய இடம் வரை நீண்ட கோடு ஒன்று விழுகிறது. கான்ஸ்டன்ட் கொடுத்த பிறகு இடையில் எதுவும் இருக்கக் கூடாதே என்று தோன்றும். ஆனால் ஷட்டரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்டர் ஆன் ஃபிரேம் அமைப்பில் 101ஆம் ஃபிரேமின் ஷட்டர் 100.75இல் திறக்கிறது. அந்தக் கணத்தில் பொருள் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது, 101.25இல் ஷட்டர் மூடும்போது புதிய இடத்தில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் கண்ட சைக்கிள்ஸ், பொருள் அந்தத் தொலைவு முழுவதையும் கடந்ததாக எடுத்துக்கொண்டு மங்கலைப் பூசிவிடுகிறது.

தீர்வுகள் இரண்டு. பொசிஷனை ஸ்டார்ட் ஆன் ஃபிரேம் என்று மாற்றினால் 100ஆம் ஃபிரேம் 100 முதல் 100.5 வரையும், 101ஆம் ஃபிரேம் 101 முதல் 101.5 வரையும் பார்க்கும். தாவல் எந்த இடைவெளிக்குள்ளும் அகப்படாது. ஆனால் இந்த மாற்றம் படம் முழுவதற்கும் பொருந்தும் என்பதால், பிற காட்சிகள் ஏற்கெனவே சென்டரில் ரெண்டர் ஆகியிருந்தால் தயங்க வேண்டியிருக்கும். அப்போது, தாவலுக்கான கீஃபிரேமை மட்டும் கிராஃப் எடிட்டரில் 100.5க்கு நகர்த்துங்கள். ஷட்டர் 0.5 என்ற நிலையில் 100.25க்கும் 100.75க்கும் இடையே ஷட்டர் மூடியே இருக்கிறது. அந்த இருட்டில் தாவினால் யாருக்கும் தெரியாது. நான் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கிறேன். ஒன்று கவனிக்க வேண்டும்: ஷட்டர் மதிப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூடியிருக்கும் இடைவெளியே கிடையாது என்பதால், சென்டர் அமைப்பில் இந்தத் தந்திரம் பலிக்காது.

கேமரா ஒரு கோணத்திலிருந்து மற்றொரு கோணத்துக்கு வெட்டும்போது முழுத் திரையும் இழுபடுவதற்கும் காரணம் இதுவே. ஒரே கேமராவைத் தாவ வைப்பதை விடுத்து, இரண்டு கேமராக்களை வைத்து, டைம்லைன் மார்க்கர்களுடன் அவற்றைப் பிணைத்துவிடுவது தூய்மையான வழி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழையும் உண்டு. சக்கரம் 1 முதல் 48 வரை 360 பாகை சுற்றுகிறது. மறுசுற்றுக்காக 49ஆம் ஃபிரேமில் 0 பாகை என்று கையால் கீ வைத்திருக்கிறோம். முழு ஃபிரேம்களில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் 48க்கும் 49க்கும் இடையே அந்தச் சக்கரம் 360 பாகையும் பின்னோக்கிச் சுழல்கிறது, ஷட்டரோ அதன் ஒரு பகுதியைப் பார்த்துவிடுகிறது. திரும்பிச் செல்லும் கீயை நீக்கிவிட்டு, கிராஃப் எடிட்டரில் லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன் (கடைசிக் கீக்குப் பிறகும் அதே வேகத்தில் தொடரும் வகை) கொடுங்கள். அல்லது அசைவின் வளைகோட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சைக்கிள்ஸ் என்னும் எஃப்-கர்வ் மாடிஃபயரை, ரிபீட் வித் ஆஃப்செட் (ஒவ்வொரு சுற்றும் முந்தையது முடிந்த மதிப்பிலிருந்து தொடரும்) என்ற வகையில் சேருங்கள். ரெண்டர் எஞ்சினின் பெயரும் இந்த மாடிஃபயரின் பெயரும் ஒன்றாக இருப்பது புதியவர்களைக் குழப்பும். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டு ஃபிரேமுக்கு ஒரு நிலை என்று அனிமேஷன் செய்தவர்கள், ஒரு ஃபிரேம் கூர்மையாகவும் அடுத்தது மங்கலாகவும் மாறி மாறி வருவதாகச் சொல்வதுண்டு. நிலை மாறும் ஃபிரேமில் மட்டும் ஷட்டர் தாவலைக் காண்கிறது, நிலைத்திருக்கும் ஃபிரேமில் எதையும் காண்பதில்லை. இதை எண்களால் சரிசெய்ய முயல வேண்டாம். அந்தப் பாணிக்கு ஷட்டர் மங்கல் பொருந்துவதில்லை. அந்தப் பொருளின் குறியை எடுத்துவிட்டு, கையால் வரைபவர்கள் செய்வது போல உருவத்தையே ஒரு ஃபிரேமுக்கு நீட்டிக் காட்டுவதுதான் அழகு.

சுழலும் பொருளின் விளிம்பு உள்வாங்குகிறது, அல்லது சுழற்சி பின்னோக்கித் தெரிகிறது

கூரையில் தொங்கும் மூன்று இறக்கை மின்விசிறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 360 சுற்று என்றால் நொடிக்கு 6 சுற்று, 24 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 90 பாகை, ஷட்டர் 0.5 என்றால் அது திறந்திருக்கும்போது இறக்கை 45 பாகை நகர்கிறது. இறக்கையின் நுனி மையத்திலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். நுனி செல்ல வேண்டிய பாதை ஒரு வில். மென்பொருள் அந்த 45 பாகையை ஒரே நேர்கோடாக எடுத்துக்கொண்டால், பாதையின் நடுவில் நுனி ஏறத்தாழ 4.5 செ.மீ. உள்ளே வந்துவிடும், வட்டமாகத் தெரிய வேண்டிய மங்கல் முனை முனையாகச் சப்பிப் போகும். அதே 45 பாகையை 4 துண்டுகளாகப் பிரித்தால் பிழை 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, திரையில் அதை யாராலும் காண முடியாது.

இந்தத் துண்டுகளின் எண்ணிக்கையைத்தான் ஸ்டெப்ஸ் என்கிறார்கள். ஈவியில் அது ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில், காட்சி முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. கூட்டினால் ரெண்டர் நேரமும் அதற்கேற்ப ஏறும். சைக்கிள்ஸில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியாக இருக்கிறது. அங்கே எண்ணை ஒன்று கூட்டினால் துண்டுகள் இரட்டிக்கும் என்பதால் 3 என்பதே பெரும்பாலும் போதும். விசிறியை ஆப்ஜெக்டாகவே சுழற்றினால் சைக்கிள்ஸ் சுழற்சியைச் சுழற்சியாகவே புரிந்துகொள்ளும். சப்பை விளிம்பு அரிதாகவே வரும். எலும்பு (உருவத்தை அசைக்கும் கருவி) ஒன்றுடன் ஆர்மேச்சர் மாடிஃபயர் வழியாக மெஷ்ஷை, அதாவது பொருளின் பரப்பாகிய வலையை, பிணைத்துச் சுழற்றினால்தான் ஒவ்வொரு வெர்ட்டெக்ஸும் (வலையின் முனைப்புள்ளியும்) நேர்கோட்டில் ஓடும். ஆகவே சக்கரம், விசிறி போன்றவற்றை வெயிட் பெயின்ட் செய்வதைவிட (எந்தப் புள்ளியை எலும்பு எவ்வளவு இழுக்கும் என்று பூசிக் காட்டுவதைவிட), முழுப் பொருளையும் எலும்புக்கு நேரடியாகப் பேரன்ட் செய்துவிடுவது மேல்.

பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவது வேறு கதை; அது மோஷன் பிளரின் பிழையே அன்று. இறக்கைகள் 120 பாகை இடைவெளியில் ஒன்று போலவே இருக்கின்றன. ஒரு ஃபிரேமுக்கு 90 பாகை முன்னே சென்ற இறக்கையைக் கண், 30 பாகை பின்னே வந்த பக்கத்து இறக்கையாக எடுத்துக்கொள்கிறது. மங்கலைக் கூட்டினால் இந்த மயக்கம் ஓரளவு குறையும், முற்றிலும் மறையாது. வேகத்தை நிமிடத்துக்கு 200 சுற்றாகக் குறைத்தால் ஃபிரேமுக்கு 50 பாகை ஆகும். அது இறக்கை இடைவெளியின் பாதியான 60 பாகைக்குள் இருப்பதால் சுழற்சி முன்னோக்கியே தெரியும். உண்மையான விசிறியின் வேகம் அதுவல்லவே என்று யாராவது கேட்டால், கேமராவில் படம்பிடித்த உண்மையான விசிறியும் இதே தொல்லையைத் தருகிறது என்று சொல்லிவிடலாம்.

உருவம் மாறும் மெஷ்ஷில் மங்கல் வரவில்லை

கதாபாத்திரம் நடக்கும்போது உடல் மங்குகிறது, கை கால்கள் வீசும்போது மட்டும் மங்கவில்லை என்றால், அந்த ஆப்ஜெக்டின் மோஷன் பிளர் பகுதியில் டிஃபார்மேஷன் என்ற குறி எடுக்கப்பட்டிருக்கும். அதை இட்டால் தீர்ந்தது.

நீர், பிளவுறும் பொருள், ஜியோமெட்ரி நோட்ஸால் (விதிகளால் உருவம் படைக்கும் அமைப்பால்) ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகப் பிறக்கும் மெஷ் ஆகியவற்றில் சிக்கல் ஆழமானது. ஷட்டர் திறக்கும்போது இருந்த வெர்ட்டெக்ஸ்களை மூடும்போது இருப்பவற்றோடு ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் சைக்கிள்ஸ் மங்கலைக் கணக்கிடுகிறது. இரண்டு கணங்களிலும் வெர்ட்டெக்ஸ் எண்ணிக்கை வேறாக இருந்தால் எதை எதோடு பொருத்துவது என்று தெரியாமல், அந்த மெஷ்ஷுக்கு மங்கலையே விட்டுவிடும். மேன்டாஃப்ளோ (பிளெண்டருக்குள் உள்ள நீர்க் கணிப்பி) நீரில் இதற்கென்றே டொமைனின் (கணிப்பு நடக்கும் பெட்டியின்) மெஷ் பகுதியில் யூஸ் ஸ்பீட் வெக்டர்ஸ் என்ற குறி இருக்கிறது; அதை இட்டு மெஷ்ஷை மறுபடியும் பேக் செய்ய, அதாவது கணித்துச் சேமிக்க, வேண்டும். அலெம்பிக் கோப்பாக (மென்பொருள்களிடையே அசையும் உருவங்களைக் கொண்டுசெல்லும் கோப்பு வகை) வெளியிலிருந்து வந்த நீரானால், மெஷ் சீக்வென்ஸ் கேஷ் மாடிஃபயரில் வேகத்தைக் குறிக்கும் அட்ரிப்யூட்டின் பெயரைச் சரியாகத் தர வேண்டும். அந்த வேகம் நொடிக்கானதா ஃபிரேமுக்கானதா என்பதையும் அங்கேயே தேர வேண்டும். நொடிக்கான வேகத்தை ஃபிரேமுக்கானதாகத் தவறிக் குறித்தால் மங்கல் 24 மடங்கு பெருகி நீர் முழுவதும் பனிமூட்டமாகிவிடும். இந்த அறிகுறியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ரிஜிட் பாடி, துணி போன்ற இயற்பியல் கணிப்புகளைப் பேக் செய்யாமல் ரெண்டர் போடவே கூடாது. ரிஜிட் பாடியைப் பேக் டு கீஃபிரேம்ஸ் கட்டளையால் கீஃபிரேம்களாக மாற்றிவிட்டால், பின்ன ஃபிரேம்களில் பொருள் எங்கே இருக்கிறது என்ற ஐயமே எழாது. கணிப்பு 1ஆம் ஃபிரேமில் தொடங்கி, ரெண்டரும் 1ஆம் ஃபிரேமிலேயே தொடங்கினால், ஷட்டர் பின்னோக்கிப் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இராது. முதல் ஃபிரேம் மட்டும் கூர்மையாகப் பிசிறடிக்கும். கணிப்பைச் சில ஃபிரேம்கள் முன்னதாகவே தொடங்கிவையுங்கள்.

டிரைவர்களால், அதாவது வேறொரு மதிப்பிலிருந்து கணக்கிட்டு இயக்கும் சூத்திரங்களால், அசையும் பொருளில் மங்கல் வராவிட்டால், டிரைவர் எந்த ஃபிரேம் எண்ணைப் படிக்கிறது என்று பாருங்கள். காட்சியின் ஃபிரேம் கரன்ட் என்னும் பண்பு முழு எண்ணை மட்டுமே தரும். பின்னத்தோடு வேண்டுமானால் ஃபிரேம் கரன்ட் ஃபைனலைப் படிக்க வேண்டும்.

பொருள் ஓடுகிறது, அதன் மேலுள்ள படம் மங்கவில்லை

டேங்கின் சங்கிலிப் பட்டையையோ தொழிற்சாலையின் கன்வேயர் பெல்ட்டையோ, மெஷ்ஷை அசைக்காமல் மேப்பிங் நோடில் டெக்ஸ்சரை மட்டும் நகர்த்தி ஓடவிடுவது பழைய சிக்கன வழி. அதில் மங்கல் ஒருபோதும் வராது. சைக்கிள்ஸ் ஷட்டரின் நேரத்துக்குள் பார்ப்பது பொருளின் இடம், வெர்ட்டெக்ஸ்களின் இடம், கேமராவின் நிலை போன்றவற்றைத்தான். மெட்டீரியலுக்குள் இருக்கும் எண்களை ஃபிரேமுக்கு ஒரே ஒரு கணத்தில் மட்டும் படிக்கிறது. வேறு வழியில்லை: மெஷ்ஷையே கர்வ் மாடிஃபயர் வழியாக உண்மையில் ஓடச் செய்யுங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு மாஸ்க் இட்டு, கம்பாசிட்டரில் (ரெண்டர் முடிந்த படத்தின் மேல் வேலை செய்யும் பகுதியில்) ஒரு திசை மங்கலைச் சேருங்கள். பெல்ட் தொலைவில் இருந்தால் ஓட்டத் திசையில் முன்கூட்டியே மங்கலாக்கிய டெக்ஸ்சரே போதும்.

மங்கிய இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக இரைச்சல்

சைக்கிள்ஸில் ஒவ்வொரு சாம்பிளும் ஷட்டர் திறந்திருக்கும் காலத்திலிருந்து ஏதோ ஒரு கணத்தை எழுந்தமானமாகத் தேர்ந்துகொள்கிறது. 50 பிக்சல் அகலமுள்ள பந்து ஒன்று அந்த நேரத்துக்குள் 200 பிக்சல் கடந்தால், பாதையின் நடுவில் உள்ள பிக்சலுக்குப் பந்து நாலில் ஒரு பங்கு நேரம் மட்டுமே தெரியும். 64 சாம்பிளில் ஏறத்தாழ 16 மட்டுமே பந்தில் படும். அந்த 16ஐ வைத்துத்தான் பந்தின் ஒளியும் நிழலும் கணக்கிடப்படுகின்றன. ஆகவே அசையாத காட்சிக்குப் போதுமான சாம்பிள் எண்ணிக்கை அசையும் காட்சிக்குப் போதாது. நாய்ஸ் த்ரெஷோல்டின் (எவ்வளவு இரைச்சல் வரை பொறுக்கலாம் என்ற அளவின்) இயல்பு மதிப்பு 0.01, அதைப் பாதியாக்கி, மின் சாம்பிள்ஸ் என்னும் குறைந்தபட்சச் சாம்பிள் எண்ணிக்கையையும் ஏற்றிப் பாருங்கள். டீநாய்ஸ் செய்தபின் (மென்பொருளே இரைச்சலை நீக்கியபின்) மங்கல் பகுதி திட்டுத் திட்டாகத் தெரிந்தால், டீநாய்சருக்குத் துணையாகச் செல்லும் ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பின் திசை) பாஸ்களிலேயே இரைச்சல் இருக்கிறது என்று பொருள். ஓப்பன் இமேஜ் டீநாய்சரில் ப்ரீஃபில்டரை அக்யூரேட் என்று வைத்தால் அவை முதலில் துலக்கப்படும்.

ஃபிரேம் வேகத்தை மாற்றியபின் மங்கல் குறைந்துவிட்டது

24இலிருந்து 60க்கு மாறினால், ஷட்டர் 0.5 என்பது 1/48 நொடியிலிருந்து 1/120 நொடியாகச் சுருங்கிவிடுகிறது. பழைய அளவே வேண்டுமென்றால் 60ஐ 48ஆல் வகுத்து 1.25 என்று கொடுக்க வேண்டும். கொடுக்கலாம் என்பதற்காகக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. 60 ஃபிரேம் படத்தில் 0.5 கண்ணுக்கு உறுத்துவதில்லை என்பது என் கருத்து.

கம்பாசிட்டரில் வெக்டர் பிளர் வேலை செய்யவில்லை

வெக்டர் பிளர் என்பது, ஒவ்வொரு பிக்சலும் எங்கே நகர்கிறது என்று சொல்லும் வெக்டர் பாஸை வைத்து ரெண்டருக்குப் பிறகு மங்கலைச் சேர்ப்பது. வியூ லேயரில் அந்த வெக்டர் பாஸின் குறி தேர முடியாதபடி சாம்பல் நிறத்தில் கிடக்கிறதா? ரெண்டரில் மோஷன் பிளர் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சைக்கிள்ஸில் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். வெக்டர் பாஸை ஓப்பன் ஈஎக்ஸ்ஆர் மல்டிலேயர் கோப்பில் சேமிக்க வேண்டும். பிஎன்ஜி கோப்பு இந்த எண்களைத் தாங்காது. ஒன்றையொன்று மறைக்கும் பொருள்கள், கண்ணாடி, பிரதிபலிப்பு ஆகியவை நிறைந்த காட்சியில் வெக்டர் பிளரின் விளிம்புகள் கிழிந்தே தீரும். அத்தகைய ஷாட்டுக்கு உண்மையான ரெண்டர் மங்கலே கதி.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் காணொளித் தொகுப்பு மென்பொருளில் எழுத்துகளையோ படங்களையோ பிளெண்டர் காட்சியின் மேல் ஒட்டும்போது இரண்டின் மங்கலும் பொருந்தாமல் வழுக்கினால், அங்கே ஷட்டர் ஆங்கிள் 180, ஷட்டர் ஃபேஸ் -90 என்று இருக்கிறதா என்று பாருங்கள், பிளெண்டரின் 0.5, சென்டர் ஆன் ஃபிரேம் ஆகியவற்றுக்கு நேரான மதிப்புகள் அவை. ஃபேஸ் 0 என்று இருந்தால் அது ஸ்டார்ட் ஆன் ஃபிரேமுக்கு நிகர். லேயருக்கு ஒரு குறி, கம்பொசிஷனுக்கு ஒரு குறி என இரண்டையும் இயக்கினால்தான் அங்கே மங்கல் தெரியும்.

நினைவகம் போதாமல் ரெண்டர் நிற்கிறது

டிஃபார்மேஷன் மங்கல் உள்ள ஒவ்வொரு மெஷ்ஷுக்கும், ஷட்டருக்குள் வரும் ஒவ்வொரு துண்டுக்கும் வெர்ட்டெக்ஸ் இடங்களை நினைவகத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் இதில்தான் முதலில் நிரம்பும்; தலைமுடி இருந்தால் இன்னும் விரைவில். முன்னணிக் கதாபாத்திரத்துக்கு மட்டும் ஸ்டெப்ஸை 2 அல்லது 3 என்று வைத்து, பின்னால் நடமாடும் கூட்டத்துக்கு டிஃபார்மேஷன் குறியை எடுத்துவிடுங்கள். ஒரு சிறு செடியின் இலைகள் காற்றில் ஆடுவதற்காகத் தோட்டம் முழுவதற்கும் ஸ்டெப்ஸ் 5 என்று வைத்திருந்த கோப்பு ஒன்றை நான் திறந்திருக்கிறேன். அதை 1 ஆக்கியபின் ரெண்டர் நிற்காமல் ஓடியது, இலைகளில் எந்த வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை.